கோடும் தையலும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது மூதுரை. கசக்கிக் கட்டுவதற்கும் ஆகாமற் போய்விட்ட கந்தையை என்ன செய்வது? அதற்கும் நம் இல்லத்துத் தாய்மார்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள். நைந்த பகுதியைக் கத்தரித்து நீக்கிவிட்டு, நல்ல பகுதியைச் சிறு துண்டுகளாக்கி, துண்டோடு துண்டு இணைத்துப் போர்வையாக்கிவிடுவார்கள். தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எளிமையைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு, ஒட்டுத் துணி ஒருபோதும் இழிவாகத் தோன்றியதில்லை.

கீழக்கரையில் எங்கள் இல்லத்தில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உம்மாவின் கையால் ஒரு துண்டுப் போர்வை உண்டு. பெருநாளுக்குத் தைத்த சட்டைகளின் மிச்சம், தங்கையின் பழைய தாவணி, கொழும்பிலிருந்து வாப்பா கொண்டுவந்த கைலிகளின் கரை என்று எத்தனையோ துணிகள் அதில் வந்து சேரும். நாம் பிறந்தபோது தைத்த போர்வை நம் இளையவர்கள் மூவரையும் போர்த்தி, ஓரங்கள் கிழிந்து, இறுதியில் கால் மிதியாகி மறைந்தது.

உம்மா கோடு போட்டு நாம் பார்த்ததில்லை. கைலித் துணியில் கோட்டிற்குத் தேவையே இல்லை. கட்டங்கள் நெசவிலேயே இருக்கின்றன. எட்டுக் கட்டத்திற்கு ஒரு வெட்டு என்று எண்ணிக்கொண்டு கத்தரியை ஓட்டினால் துண்டுகள் பிசகாமல் வரும். பழவேற்காட்டின் பெயரைத் தாங்கி ‘பளையகாட்’ என்று நம்மவர்களும், ‘பெலிக்கட்’ என்று மலாய்க்காரர்களும் வழங்கும் அந்தக் கட்டம் போட்ட துணியே உம்மாவுக்கு அளவுகோலாகவும் இருந்தது.

சர்க்கரை நோய் உம்மாவின் விழித்திரையைத் தொட்டபோது அந்த அளவுகோல் கைநழுவியது. புரை நீக்கும் அறுவை இரு கண்களுக்கும் ஆயிற்று, கண்ணாடியும் மாற்றியாயிற்று. ஆயினும் மெல்லிய கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறமாகவே தெரிந்தன. 2021இல் ஒரு நாள் கத்தரியைத் துணியில் சுற்றித் தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்கள். எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்பொழுது தோன்றுகிறது.

2023இல் தங்கையின் மூத்த மகள் தாய்மை அடைந்தாள். உம்மாவுக்கு முதற் கொள்ளுப் பேரப்பிள்ளை. எங்கள் ஊரில் வீடு பெண்மக்களுக்கே உரியதாகையால் உம்மா தங்கையுடன் அவ்வீட்டிலேயே வசிக்கிறார்கள். நாம் போய்ப் பார்த்துவிட்டு வருபவர்கள். அப்படிப் போயிருந்த ஒரு மாலையில் தங்கை, நகரத்துக் கடையொன்றில் வாங்கிய குழந்தைப் போர்வையை உம்மாவின் மடியில் வைத்தாள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக முக்கோணங்கள் நிறைந்த அழகான போர்வை. நூறு துண்டுகளை இணைத்தது போலக் கண்ணுக்குத் தெரிந்தது.

உம்மா அதைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. விரல்களால் தடவிப் பார்த்தார்கள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடவிவிட்டு, “இதுல தையலே இல்லையே புள்ள” என்றார்கள்.

உண்மைதான். அது ஒரே துணி. துண்டுப் போர்வையின் உருவத்தை அதன்மேல் அச்சிட்டிருந்தார்கள். இத்தகைய துணி புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை நாட்டு ஆலைகள் ஒட்டுவேலை போன்ற தோற்றத்தை அச்சிட்டு விற்றிருக்கின்றன. அமெரிக்கப் பெண்கள் இக்காலத்தில் அதற்கு ‘ஏமாற்றுத் துணி’ என்று பொருள்படும் பெயரை வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள். கண்ணை ஏமாற்றும் அத்துணி விரலை ஏமாற்ற இயலவில்லை.

தங்கையின் முகம் வாடிவிட்டது. உம்மா அதை உணர்ந்திருக்க வேண்டும். “நல்லாத்தான் இருக்கு, புள்ளைக்கு ஆவும்” என்று மடித்துத் தந்துவிட்டு, சற்று நேரம் கழித்து நம்மிடம், “தம்பி, உங்க வாப்பாட கைலி நாலு பெட்டியில இருக்கு. அதெல்லாம் என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டார்கள்.

வாப்பா 2011இல் மறைந்தார்கள். அந்தக் கைலிகளை வெட்ட உம்மா அதுவரை ஒப்பியதில்லை. இப்போது அவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் அதன் பொருள் நமக்குப் புரிந்தது. போர்வை தைக்க வேண்டும். ஆனால் கோடு தெரியவில்லை.

கண் கண்ட கோட்டைக் கத்தரி பின்பற்றுகிறது. கத்தரி வெட்டிய விளிம்பை ஊசி பின்பற்றுகிறது. முதற்படியில் நேரும் பிழை கடைசிவரை பெருகும். பத்துத் துண்டுகளை ஒரு வரிசையாக இணைத்தால் ஒன்பது தையல்கள். ஒவ்வொரு துண்டிலும் மாகாணி அங்குலம் கூடுதலாக மடிந்தால், ஒரு தையலுக்கு இரண்டு துண்டுகள் என்பதால் அரைக்கால் அங்குலம் போய்விடும். ஒன்பது தையலில் ஓர் அங்குலத்திற்கும் மேல் வரிசை குறுகும். அடுத்த வரிசை அதனோடு பொருந்தாது. சதுரத்தையாவது இழுத்துச் சரிக்கட்டலாம். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்போ இழைக்குக் குறுக்காக வெட்டப்படுவதால் தொட்டாலே நீளும். பழகிய கையும் தடுமாறும் இடம் அது.

கோடு தெரியவில்லை என்றால் தெரியும்படி கோட்டை அச்சிட்டுவிட வேண்டியதுதானே என்று எண்ணினோம். அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் முத்திரை குத்திய கை அல்லவா! முத்திரை செய்யும் கடையில் சொல்லி ரப்பர் அச்சொன்று செய்வித்தோம். முக்கோணம் ஒன்று, அதனுள் கால் அங்குலம் தள்ளி மற்றொரு முக்கோணம். வெளிக்கோடு வெட்டுவதற்கு, உட்கோடு தைப்பதற்கு. வெள்ளைத் துணியில் குத்திப் பார்த்தோம். கறுப்பாக, தடிப்பாக, உம்மாவுக்கும் தெரியுமாறு பதிந்தது. பெருமிதத்துடன் வாப்பாவின் கைலி ஒன்றை விரித்து வரிசையாகக் குத்தினோம்.

தங்கை மகன் சுருக்கம் போக்கலாமென்று தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டான். மை ஊறிப் பரந்தது. முக்கோணங்கள் கரைந்து, கைலியின் அரைப்பகுதி மேகம் கவிந்தாற்போல் ஆயிற்று. சோப்பிட்டோம், இன்னும் பரந்தது.

நான்கு கைலிகளில் ஒன்று. மீண்டும் வாங்க இயலாத பொருள். உம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று நாம் தயங்கி நின்றபோது மருமகன் உண்மையைச் சொல்லிவிட்டான். உம்மா அத்துணியை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார்கள். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்கள். “போவட்டும் வாப்பா. கொழும்புக் கடையில கணக்கெழுதுனவுகதானே? மை படாத கைலி அவுகளுக்கு எண்டைக்கு இருந்துச்சு!”

சிரிப்பு உண்மையானதே. ஆனால் அன்றிரவு அந்தக் கைலியைத் தம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார்கள் என்று தங்கை பிறகு சொன்னாள்.

மறுவாரம் மருமகன் வேறொரு வழியைக் கொண்டுவந்தான். மேலை நாட்டுப் பெண்கள் இரண்டு துணிகளை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து, மேல்துணியின் உட்புறத்தில் மட்டும் சதுரக் கட்டங்களை வரைகிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு. அச்சாய்கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் விட்டுத் தையல். தைத்து முடித்த பின்னரே வெட்டு. சதுரக் கோட்டிலும் சாய்கோட்டிலும் வெட்டி விரித்தால், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் பாதி ஒரு துணியும் பாதி மற்றொரு துணியுமான இரண்டு சதுரங்கள் கிடைக்கின்றன. முக்கோணத்தை முக்கோணமாக எவரும் கையில் எடுப்பதே இல்லை. நீளும் விளிம்பு தோன்றுவதற்கு முன்பே தையல் அதைக் கட்டிவிடுகிறது.

இம்முறையில் நம்மை ஈர்த்தது வேறொன்று. அச்சு விழுவது மேல்துணியில் மட்டுமே. கீழே கிடக்கும் கைலியில் ஒரு புள்ளியும் படாது.

மேல்துணிக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உம்மா தம்முடைய பழைய வெள்ளைத் துப்பட்டி இரண்டை எடுத்துத் தந்தார்கள்.

கணக்குப் பார்த்தோம். போர்வை 30 அங்குல அகலம், 36 அங்குல நீளம். மூன்று அங்குலச் சதுரங்கள் 120 வேண்டும். ஆகவே கட்டங்கள் 60. மூன்றங்குலச் சதுரம் கிடைக்க, கட்டத்தை மூன்றேமுக்காலே அரைக்கால் அங்குலமாக வரைய வேண்டும். நேர் விளிம்புகளுக்குரிய கால் அங்குலங்களோடு, சாய்ந்த முனைகள் தையலுக்குள் போவதும் சேர்ந்து அந்த முக்காலே அரைக்கால். மருமகன் இதைத் தசமத்தில் சொல்லி விளக்கப் பார்த்தான், உம்மாவுக்குப் பிடிபடவில்லை. “முக்காலே அரைக்கால்” என்று நாம் சொன்னதும், “அப்படிச் சொல்லு! அது உங்க வாப்பாட கணக்காச்சே” என்றார்கள்.

நான்கு கட்டங்கள் ஒரு தாளில் அடங்கும். ஒரு தாளுக்கு எட்டுச் சதுரம். பதினைந்து முறை அச்சிட்டால் நூற்றிருபது. கணினியில் வரைந்த தாள் பிசகின்றி வந்துவிட்டது. அதிலிருந்து துணிக்கு எதைக் கொண்டு அச்சிடுவது? மையை மீண்டும் தொட எவருக்கும் துணிவில்லை.

வழியைச் சொன்னவர்கள் உம்மாதான். “பூவேலைக் கடையில எப்படிப் போடுறாங்க? தாளைக் குத்தி, நீலப்பொடியை மண்ணெண்ணெயில குழைச்சுத்தானே தடவுறாங்க? துவைச்சாப் போயிடுமே” என்றார்கள். “தாளை ஊசியால குத்த நாளாகும் உம்மம்மா” என்றான் பேரன். “கையால ஏன் குத்தணும்? மிஷின்ல நூலைக் கழட்டிட்டு ஓட்டு!”

நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு எளிய ஒன்று நம் இருவருக்கும் தோன்றவில்லை.

நூலில்லாத ஊசி தாளின்மேல் ஓடியது. தைக்கும் கோட்டிற்கு நெருங்கிய துளைகள். வெட்டும் கோட்டிற்கு, தையல் நீளத்தைக் கூட்டி, விலகிய துளைகள். மிஷினை மிதித்தவர்கள் உம்மா. தாளைக் கோட்டின் வழியே நகர்த்தியவன் பேரன். பிறகு தாளைத் துப்பட்டியின்மேல் வைத்து, சலவை நீலத்தை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணிப்பந்தால் தடவி எடுத்தபோது, வெள்ளையில் நீலக் கோடுகள் தெளிவாக நின்றன. எண்ணெய் காற்றில் உலர்ந்து போயிற்று. பொடி மட்டும் தங்கியது. உம்மா குனிந்து பார்த்து, தைக்கும் கோட்டின்மேல் விரலை வைத்து அதன் வழியே நகர்த்தினார்கள். விரல் கோட்டைவிட்டு விலகவில்லை.

இம்முறை எங்கள் கரைக்கு அந்நியமானதன்று என்பதை எண்ணி அன்றிரவு நாம் நெடுநேரம் விழித்திருந்தோம். சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகள் உலகெங்கும் பெயர்பெற்றிருந்த காலத்தில், அவற்றைத் தீட்டிய கைவினைஞர்களும் சித்திரத்தைத் தாளில் வரைந்து, கோட்டின் வழியே துளையிட்டு, கரித்தூளைத் துணிமுடிச்சில் கட்டி அதன்மேல் தட்டியே உருவத்தைத் துணிக்கு மாற்றினார்கள். அதன்பின்னரே கறுப்புக் கோடும், சாயவேரின் சிவப்பும், அவுரியின் நீலமும். இக்கரைத் துணிகளை நம் மரக்காயர்களின் மரக்கலங்கள் மலாய் நாட்டுத் துறைகளுக்கும், ஐரோப்பியரின் கப்பல்கள் மேற்கிற்கும் சுமந்து சென்றன.

மேற்கே அவற்றின் மேல் எழுந்த மோகம் அந்நாடுகளின் நெசவாளர்களை நடுங்கச் செய்தது. பிரான்சு 1686இல் சீட்டித் துணிக்குத் தடை விதித்து 1759 வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1701 முதல் இறக்குமதியையும், 1722 முதல் உடுத்துவதையும் கட்டுப்படுத்தியது. அருமையாகிப் போன துணியில் சிறு துண்டையும் எறிய மனம் வருமா? இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லெவன்ஸ் ஹால் மாளிகையில், 1708ஆம் ஆண்டினது என்று வழிவழியாகச் சொல்லப்படும் துண்டுப் போர்வை ஒன்று இருக்கிறது. அந்நாட்டின் மிகப் பழைய ஒட்டுவேலைகளில் ஒன்றாகப் போற்றப்படும் அது, இந்தியச் சீட்டித் துணிகளை வெட்டி இணைத்தது. அதையொட்டிய காலத்துப் பட்டுப் போர்வை ஒன்றில் 1718 என்று ஆண்டே தைக்கப்பட்டிருக்கிறது. அதன் துண்டுகளுக்குள் வடிவம் காட்ட வைத்த தாள்கள் இன்றும் உள்ளேயே இருக்கின்றன. தாளை வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைத்து, விளிம்போடு விளிம்பை இணைப்பது அவர்களுடைய முறை. பின்னர் 1835இல் அமெரிக்க மாதர் இதழான கோடீஸ் லேடீஸ் புக் அறுகோணத் துண்டு வேலையின் மாதிரியை வெளியிட்டது. 1930களில் கோடுகள் அச்சிட்ட துணிகளையும் வெட்டிய துண்டுகளையும் அந்நாட்டில் அஞ்சல் வழியே விற்றார்கள். தாளும் கோடும் அச்சும், பழகாத கைக்கும் தளர்ந்த கைக்கும் துணையாகப் பல நாடுகளிலும் வழங்கியிருக்கின்றன.

கோடே வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டக் காடுகளில் வாழும் சித்திகள், ஆப்பிரிக்க வழியினர். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. அப்பெண்கள் ‘கவந்தி’ என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கி, கைக்கு வந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். அளவில்லை, அச்சில்லை, மூலைகளில் மட்டும் மடித்த சிறு முக்கோணங்களைப் பூவாக வைத்து முடிப்பார்கள். உம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அது அவுக கை. என் கைக்குக் கட்டம் வேணும்; பழகிடுச்சு” என்றார்கள்.

அச்சிட்ட கடைப் போர்வையை மறுத்த அதே கை அச்சிட்ட கோட்டை ஏற்றுக்கொண்டது ஏன் என்று நாம் கேட்டுக்கொண்டோம். உம்மாவிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். கடைப் போர்வையின் அச்சு, வேலை முடிந்துவிட்டது என்று சொல்கிறது. துப்பட்டியில் விழுந்த நீலக் கோடு, வேலையை இங்கே தொடங்கு என்று சொல்கிறது. முதியவர்களுக்கு உதவுகிறோம் என்று புறப்படும் நாமெல்லோரும் பெரும்பாலும் முதல்வகை உதவியையே கொண்டுபோகிறோம். அவர்கள் கையிலிருக்கும் வேலையை வாங்கிக்கொண்டு, “நீங்கள் ஓய்வாக இருங்கள்” என்கிறோம். கத்தரி இழுப்பறைக்குள் போனபோது எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. தங்கையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கேட்காமலிருந்த குற்றம் நம்முடையது.

தைக்க நாற்பது நாட்களுக்கு மேலாயிற்று. காலை வெளிச்சத்தில் மட்டும் தைப்பார்கள். துப்பட்டியும் கைலியும் முகத்தோடு முகம் சேர்ந்து ஊசியின் கீழே போகும். தைத்ததை வெட்டுபவள் தங்கை. ஒவ்வொரு சதுரமும் விரியும்போது ஒருபுறம் வெள்ளை, மறுபுறம் கட்டம். சதுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும்போது அச்சுக் கோடு இல்லை. அதற்காக மிஷினின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி, தடித்த அட்டைத் துண்டொன்றைப் பேரன் ஒட்டிவைத்தான். துணியின் விளிம்பு அதை உராய்ந்துகொண்டே போனால் தையல் நேராக விழும். அதற்குக் கண்ணே வேண்டியதில்லை.

மை கரைந்த கைலியை என்ன செய்வது என்று தங்கை கேட்டபோது, உம்மா அதையும் கொண்டுவரச் சொன்னார்கள். மை படாத பாதியை வெட்டிச் சதுரங்களில் சேர்த்தார்கள். மை படர்ந்த பாதி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் உள்துணியாகப் போயிற்று. வெளியே தெரியாது. அது அங்கே இருப்பதை அறிந்தவர்கள் நாங்கள் நால்வர் மட்டுமே.

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் போர்வையைத் துவைத்து உலர்த்தினோம். நீலக் கோடுகள் சுவடின்றிப் போய்விட்டன. வெயிலில் உலர்ந்ததை மடித்து உம்மாவின் கையில் கொடுத்தோம்.

“கோடு போயிடுச்சா தம்பி?”

“போய்விட்டது உம்மா.”

உம்மா விரல்களால் தடவினார்கள். வரிசை வரிசையாக, சந்திப்புக்குச் சந்திப்பு. ஓரிடத்தில் முனை சற்றே விலகியிருந்தது. விரல் அங்கே நின்று, பிறகு நகர்ந்தது. கொள்ளுப் பேரனைத் தங்கை மகள் மடியில் கிடத்தியதும், மேலே போர்த்தி மூலைகளைச் செருகினார்கள்.

துளையிட்ட அந்தத் தாள் இப்போது இழுப்பறையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பதினைந்து முறை நீலம் தடவியதில் ஓரங்கள் கறுத்துவிட்டன, துளைகள் அடைபடவில்லை. கத்தரி அதனோடு இல்லை. அது வெளியே, மிஷின்மேல், கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது.